பாரலல் பார்மேல் நடந்த வழக்கு

1860-ஆம் ஆண்டை ஒட்டிய சில வருஷங்களில், பிரஷ்ய ராஜ்யத்தின் தலைநகராகிய பெர்லினில், வைத்தியர்களும், உடற்கூற்று நிபுணர்களும், ராணுவ உத்தியோகஸ்தர்களும், பள்ளி ஆசிரியர்களும், சட்டசபை அங்கத்தினர்களும் இரு கட்சிகளாகப் பிரிந்து நின்று, ஒருவரையொருவர் பிரசுரங்களில் கண்டித்து நடத்திய பெரும் வழக்கொன்றில், பிரதிவாதியாக நின்றவை உயிரற்ற இரண்டு மரச்சட்டங்கள். நம்முடைய பள்ளிக்கூட மைதானங்களில் பாரலல் பார் என்று சொல்லப்படுகிறதே, அந்தச் சாதனந்தான் அது. அதன்மேல் இரு கைகளையும் ஊன்றி உடலை ஊசலாட்டுவதும், முழங்கையை மடக்கித் தாழ்ந்து எழுவதும், கால்களை வீசித் தலைகீழாய் நிற்பதும் வாலிபர்களின் தேகத்துக்கு நன்மை செய்கின்றனவா, அல்லது தோளையும் மார்பையும் பழுதாக்குகின்றனவா என்பதே அன்று எழுந்த கேள்வி. ஜெர்மன் சரித்திரக்காரர்கள் இதனைப் ‘பார் சண்டை’ என்றே பெயரிட்டுக் குறிப்பிடுகின்றனர்.

மூச்சு முட்டும்படி விரைந்து செய்யும் தீவிரப் பயிற்சி மேலானதா, கால் தரையைவிட்டு எழும்பாமல் நிதானமாகச் செய்யும் பலப்பயிற்சி மேலானதா, இரண்டில் எதனால் எலும்புக்கும் தசைக்கும் அபாயம் அதிகம் என்று இக்காலத்து ஜிம்களில் ஓயாமல் நடைபெறும் விவாதத்தைக் கேட்கும்போதெல்லாம், அந்தப் பழைய வழக்கு என் நினைவுக்கு வருவதுண்டு. இன்று சொல்லப்படும் வாதங்களுள் பெரும்பாலானவை அப்போதே சொல்லப்பட்டுவிட்டன. தீர்ப்பும் அளிக்கப்பட்டது. ஆயினும் கேட்ட கேள்விக்குத்தான் தீர்ப்பு வந்ததே தவிர, கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அந்த வழக்கில் ஒருவரும் கேட்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

பாரின் பூர்வோத்தரத்தை அறிய வேண்டுமானால், பெர்லின் நகரத்து எல்லையில் ஹாஸன்ஹைடே என்னும் திறந்த வெளிக்கு 1811-ஆம் ஆண்டு நாம் செல்ல வேண்டும். ஐந்து வருஷங்களுக்கு முன்பு யேனாப் போர்க்களத்தில் நெப்போலியனிடம் தோற்று, நாட்டின் பாதியை இழந்து, மானமும் இழந்து கிடந்த பிரஷ்ய நாட்டில், பிரீட்ரிக் லுட்விக் யான் என்ற உபாத்தியாயர் ஒருவர், தம் மாணாக்கர்களை ஓய்வுள்ள பிற்பகல்களில் நகருக்கு வெளியே அழைத்துச் சென்று, ஓடவும் தாண்டவும் மரமேறவும் மல்லாடவும் பழக்கிவந்தார். அவ்வாண்டின் கோடையில் அங்கே நிரந்தரமான களம் ஒன்று அமைந்தது. ஏணிகள், ஏறு கம்பங்கள், கயிறுகள், தாண்டுவதற்குரிய மரக்குதிரைகள், தொங்குவதற்குரிய ஒற்றைக் கம்பி என்று சாதனங்கள் ஒவ்வொன்றாய்ப் பெருகின. மரக்குதிரைமேல் கையூன்றித் தாண்டுவதற்குக் கைகளில் போதிய வலுவில்லாத சிறுவர்களுக்கு அந்த வலுவை உண்டாக்கும் பொருட்டு ஏற்பட்ட துணைச் சாதனமே பாரலல் பார். இந்த அப்பியாசங்களையெல்லாம் தொகுத்து, யான் தம் சீடராகிய எர்ன்ஸ்ட் ஐஸலனுடன் சேர்ந்து 1816-இல் ஒரு நூலும் வெளியிட்டார்.

யானுடைய நோக்கம் தேகசுகம் மாத்திரம் அன்று. அந்நிய ஆதிக்கத்தை எதிர்க்கும் ஒரு தலைமுறையை உருவாக்குவதே அவர் கருத்து. நெப்போலியன் வீழ்ந்த பிறகு அந்த உற்சாகம் உள்நாட்டு மன்னர்களுக்கே அச்சந்தருவதாயிற்று. 1819-இல் கார்ல் சாண்டு என்ற மாணவன் கோட்ஸபூ என்னும் நாடகாசிரியரைக் கொலை செய்தான். கொலையாளி இந்தத் தேகப்பயிற்சிக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பது போதுமான முகாந்திரமாயிற்று. யான் சிறைப்பட்டார், ஹாஸன்ஹைடே மூடப்பட்டது, 1820 முதல் 1842 வரையில் பிரஷ்யாவில் பொதுக் களங்களில் இப்பயிற்சி தடைசெய்யப்பட்டிருந்தது. விடுதலையான பின்னரும், பெர்லினுக்கு அருகிலோ, பல்கலைக்கழகமுள்ள எந்த ஊரிலோ யான் குடியிருத்தலாகாது என்று உத்தரவாயிற்று. முதியவர் ஃப்ரைபுர்க் என்ற சிற்றூரில் 1852-இல் காலமானார்.

இத்தடையின் விளைவு விசித்திரமானது. வெளியில் செய்யக்கூடாதென்ற பயிற்சி வீட்டுக்குள் புகுந்தது. ஐஸலன் பெர்லினில் தனிப்பட்ட கூடம் ஒன்று வைத்து நடத்தினார். கூடத்துக்குள்ளே ஓட முடியாது. ஈட்டி எறிய முடியாது. நீண்ட தாண்டல் முடியாது. ஓரிரண்டு கஜ இடத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய பாரும் ஒற்றைக் கம்பியுமே அங்கு பிரதானமாயின. திறந்த வெளியில் பத்துவித அப்பியாசங்களுள் ஒன்றாய் நின்ற சாதனம், நான்கு சுவர்களுக்குள் வந்தபோது பயிற்சியின் மையமாகிவிட்டது. புதுப்புது வித்தைகளும் அதன்மேல் வளர்ந்தன. கை வலுவுக்காகப் பார் என்ற நிலை மாறி, பார் வித்தைக்காகக் கை என்ற நிலை வந்தது. போலீஸ் தடையொன்று தேகப்பயிற்சியின் உருவத்தையே மாற்றிய இந்த வரலாறு சரித்திர நூல்களில் ஓரிரு வரிகளோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேலும் கவனம் பெறத்தக்கது என்பேன்.

இதே காலத்தில், பால்டிக் கடலுக்கு அப்பால் ஸ்வீடன் தேசத்தில், முற்றிலும் வேறான ஒரு சம்பிரதாயம் தோன்றி வளர்ந்துகொண்டிருந்தது. அதன் மூலபுருஷர் பேர் ஹென்ரிக் லிங், 1776-இல் பிறந்தவர், கவி, வாள்வித்தை ஆசிரியர். 1813-இல் ஸ்டாக்ஹோம் நகரில் அரசாங்க ஆதரவோடு மத்திய தேகப்பயிற்சிக் கலாசாலை ஒன்றை ஸ்தாபித்தார். சாதனம் தேகத்துக்காக ஏற்பட்டதேயன்றி, தேகம் சாதனத்துக்காக ஏற்பட்டதன்று என்பது அவருடைய சித்தாந்தம். ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு தொடக்க நிலை, ஒரு முடிவு நிலை, ஒரு காரணம் உண்டு. ஆசிரியரின் கட்டளைக்கு இணங்க, அளவறிந்து, ஆட்டமும் அதிர்ச்சியும் இன்றி அதனைச் செய்ய வேண்டும். நோயாளிகளுக்கென்று அவர் வகுத்த முறை இன்னும் நுட்பமானது. நோயாளி கையை மடக்கும்போது, உதவியாளர் தம் கையால் மெல்ல எதிர்த்துப் பிடிப்பார். நோயாளியின் பலத்துக்குத் தக்கபடி அந்த எதிர்ப்பு கூடவும் குறையவும் செய்யும். குதிப்பு இல்லை, வீச்சு இல்லை, கீழே விழுவதற்கு இடமும் இல்லை. இக்காலத்தார் அதிர்ச்சி குறைந்த பலப்பயிற்சி என்று எதனைச் சொல்கிறார்களோ, அதன் மூலபாடம் ஸ்டாக்ஹோம் கூடத்தில் ஒரு மனிதனின் உள்ளங்கைக்கும் இன்னொரு மனிதனின் மணிக்கட்டுக்கும் இடையே எழுதப்பட்டது.

இந்த இரண்டு சம்பிரதாயங்களும் பெர்லினில் நேருக்கு நேர் மோதுவதற்குக் காரணமாயிருந்தவர் ஹூகோ ரோத்ஸ்டைன். பீரங்கிப் படையில் அதிகாரியாயிருந்த இவர், 1840-களில் ஸ்டாக்ஹோமுக்குச் சென்று லிங்கின் முறையைக் கற்று, அதனைப் பற்றிப் பல பாகங்கள் கொண்ட பெருநூல் ஒன்றும் எழுதினார். 1842-இல் மன்னர் நான்காம் பிரீட்ரிக் வில்ஹெல்ம் தேகப்பயிற்சியை ஆண்பிள்ளைகளின் கல்வியில் ஓர் அங்கமாக அங்கீகரித்துவிட்டபடியால், அதற்கு ஆசிரியர்களைத் தயாரிக்க வேண்டிய அவசியம் ஏற்பட்டது; 1851-இல் பெர்லினில் அரசாங்க மத்திய தேகப்பயிற்சிக் கலாசாலை உருப்பெற்றது; அதன் போதனைக்குத் தலைவராக ரோத்ஸ்டைன் அமர்ந்தார். யானுடைய ஊரிலேயே, யானுடைய சாதனங்களுக்கு அருகிலேயே, லிங்கின் சீடர் ஒருவர் நாட்டின் ஆசிரியர்களையெல்லாம் பயிற்றுவிக்கும் ஸ்தானத்தில் வந்து உட்கார்ந்தால் என்ன நிகழும் என்பதை ஊகிப்பது கடினமன்று. சில வருஷங்களில் பாரும் ஒற்றைக் கம்பியும் அந்தக் கலாசாலையிலிருந்து விலக்கப்பட்டன.

ரோத்ஸ்டைன் கட்சியாரின் வாதத்தைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவே: தேகத்தின் முழுப் பாரத்தையும் தாங்குவதற்கென்று இயற்கை வகுத்தது காலேயன்றிக் கையன்று, பார்மேல் ஊன்றும்போது தோள்கள் காதை நோக்கி உந்தப்படுகின்றன, அந்நிலையில் ஊசலாடும்போது மூட்டின் கட்டுகள் அளவுக்கு மிஞ்சி இழுபடுகின்றன, அன்றியும் அந்தத் தோற்றம் அழகுடையதன்று. கடைசியாகச் சொன்னதைக் கேட்டு நகைக்க வேண்டுவதில்லை. அழகான அசைவே ஆரோக்கியமான அசைவு என்பது லிங்கின் சித்தாந்தத்தில் ஓர் அங்கம்.

இங்கே நான் கதையைச் சற்று நிறுத்தி, பதினாறு, பதினேழு நூற்றாண்டுகள் பின்னோக்கிச் செல்ல வாசகர்கள் அனுமதிக்க வேண்டும். ஏனெனில், பெர்லின் வழக்கில் இரு கட்சியாரும் தவறவிட்ட ஒரு பிரிவினையை, கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே ஒரு வைத்தியர் தெளிவாகச் செய்து வைத்திருந்தார்.

அவர் பெர்கமம் நகரத்து காலென். 129-இல் பிறந்து, கிரேக்க நகரங்களிலும் அலெக்ஸாண்ட்ரியாவிலும் கற்று, 157-இல் சொந்த ஊருக்குத் திரும்பியதும், அங்கே களத்தில் ஆயுதமேந்திப் பொருதும் கிளாடியேட்டர்களுக்கு வைத்தியராக நியமிக்கப்பட்டார். கிழிந்த தசையையும் அறுந்த நரம்பையும் அன்றாடம் கண்டவர். தம் முப்பத்தைந்தாம் வயதில் மற்கூடத்தில் பயிற்சி செய்கையில் தமக்கே தோளில் மூட்டு விலகிய செய்தியையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். ஆகவே, அபாயத்தைப் பற்றி அவர் பேசுவது ஏட்டறிவு அன்று.

ஆரோக்கிய ரக்ஷணையைப் பற்றிய தம் நூலில் காலென் அப்பியாசங்களை மூவகையாகப் பிரிக்கிறார். முதல் வகை, வேகமின்றி வலுவை மட்டும் வேண்டுவது: நிலத்தைக் கொத்துதல், நான்கு குதிரைகளின் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தல், பாரத்தைத் தூக்கியபடி நிற்றல், கயிற்றில் ஏறுதல் போன்றவை. இரண்டாம் வகை, வலுவின்றி வேகத்தை மட்டும் வேண்டுவது: ஓட்டம், எதிராளியில்லாமல் கைவீசிக் குத்துதல், பந்தாட்டம் போன்றவை. மூன்றாம் வகை, வலுவும் வேகமும் ஒருங்கே கூடிய உக்கிரமான அப்பியாசம்: முதல் வகையில் உள்ளவற்றையே விரைந்து செய்தாலும், இடைவிடாமல் தாண்டிக்கொண்டேயிருந்தாலும், கனத்த கவசத்தோடு வேகமாய் அசைந்தாலும் அது இவ்வகையில் சேரும். கொத்துவது ஒரு வகை. விரைந்து கொத்துவது வேறு வகை. வேலை ஒன்றே, மண்வெட்டி ஒன்றே. செய்யும் விதத்தால் வகை மாறிவிடுகிறது. சாதனத்தை வைத்து அப்பியாசத்தின் குணத்தை முடிவு செய்யலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டுமோ?

சிறு பந்தாட்டத்தைப் புகழ்ந்து காலென் தனியே ஒரு சிறு நூல் எழுதினார். அதில் அவர் காட்டும் காரணங்களுள் ஒன்று, மற்போரிலும் குதிரையேற்றத்திலும் கடும் ஓட்டத்திலும் நேரும் அங்கபங்கங்கள் அதில் நேர்வதில்லை என்பது. மற்றொன்று, ஏழைக்கும் கட்டுப்படியாகும் என்பது. தொழில்முறை மல்லர்களின் பயிற்சியாளர்களை அவர் கண்டித்திருக்கும் கடுமையை இங்கே எடுத்தெழுதினால் இக்காலத்து ஜிம்காரர்கள் என்மேல் கோபங்கொள்வார்கள், விட்டுவிடுகிறேன். நம் நாட்டிலும் ஆயுர்வேத ஆசாரியர்கள், தன் பலத்தில் பாதியளவே வியாயாமம் செய்யத்தக்கது என்றும், மிஞ்சினால் க்ஷயம், இருமல், ஜுரம் முதலியவை விளையும் என்றும் விதித்திருப்பது பலருக்குத் தெரிந்த விஷயம்.

காலென் காலத்துக்குச் சற்றுப் பிந்திய பிலோஸ்ட்ராடஸ், தேகப்பயிற்சியைப் பற்றிய தம் நூலில் ஒரு மரணத்தைக் குறிப்பிடுகிறார். அக்காலப் பயிற்சியாளர்களிடம் நான்கு நாள் முறை ஒன்று இருந்தது: முதல் நாள் ஆயத்தம், இரண்டாம் நாள் உக்கிரம், மூன்றாம் நாள் தளர்வு, நான்காம் நாள் மத்திமம். முறை என்ற அளவில் அதில் குற்றமில்லை. நாக்ராடிஸ் ஊரைச் சேர்ந்த கெரனோஸ் என்னும் மல்லன் ஒலிம்பியாவில் வெற்றி பெற்று, மூன்றாம் நாள் நண்பர்களோடு குடித்தும் விருந்துண்டும் களித்துவிட்டு, மறுநாள் களத்துக்கு வந்து, தனக்கு உடல்நிலை சரியில்லை என்று ஒப்புக்கொண்டான். நான்கு நாள் வரிசை கெட்டுப்போயிற்றே என்று பயிற்சியாளருக்குக் கோபம். அன்றைக்கு எழுதியிருந்த பயிற்சியை ஒன்றும் குறையாமல் செய்வித்தார். மல்லன் அங்கேயே இறந்தான். அவனைக் கொன்றது மற்போர் அன்று, எடைக்கல் அன்று. எதிரே நிற்கும் உடலைப் பாராமல் அட்டவணையைப் பார்த்த கண்களே அவனைக் கொன்றன.

பெர்லினுக்குத் திரும்புவோம். 1861-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஹாஸன்ஹைடே தொடங்கி ஐம்பது ஆண்டுகள் நிறைவானதைக் கொண்டாடும் பொருட்டு, ஜெர்மன் நாடுகள் பலவற்றிலிருந்தும் தேகப்பயிற்சிச் சங்கத்தார் பெர்லினில் கூடி, யானுக்கு ஒரு ஞாபகச் சின்னம் எழுப்புவதற்கு அஸ்திவாரம் நாட்டினார்கள். அதே நகரத்தில், அதே வேளையில், அரசாங்கக் கலாசாலையில் யானுடைய பாருக்கு இடமில்லை! ஜெர்மன் ஐக்கியத்தையும் ஜனங்களின் உரிமையையும் வேண்டிய லிபரல் கட்சியாருக்குப் பார் என்பது வெறும் மரமாக இருக்கவில்லை; சிறைப்பட்ட கிழவரின் ஞாபகமாகவும், ராணுவ அதிகாரத்துக்கு எதிரான கொடியாகவும் இருந்தது. சட்டசபையில் அரசாங்கத்துக்கும் பிரதிநிதிகளுக்கும் ராணுவச் செலவைப் பற்றிய பெரும் பூசல் மூண்டிருந்த காலம் அது. 1862 செப்டம்பரில் பிஸ்மார்க் முதன்மந்திரியானதும் அந்தப் பூசலின் நடுவேதான். தோள்மூட்டைப் பற்றிய சர்ச்சையில் இவ்வளவு உஷ்ணம் ஏறியதற்கு, தோள்மூட்டு மட்டும் காரணமன்று.

பாரின் சார்பில் வழக்காட முன்வந்தவர் சாமானியர் அல்லர். எமில் டு புவா-ரேமோன், தசையிலும் நரம்பிலும் ஓடும் மின்சாரத்தை ஆராய்ந்து ஐரோப்பா முழுவதும் கீர்த்தி பெற்றவர். 1858 முதல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியர். தாமே தேகப்பயிற்சியில் பற்றுள்ளவர். 1862-இல் அவர் வெளியிட்ட பிரசுரம், லிங் கட்சியார் விஞ்ஞானம் என்று பெயரிட்டு வழங்கியவற்றை ஒவ்வொன்றாய் எடுத்து, உடலியல் அறிவுக்கு அவை எவ்வளவு தூரம் என்று காட்டிற்று. பார்ப்பயிற்சியால் தோளும் மார்பும் கெடும் என்பதற்கு ஆதாரமில்லை என்பது அவர் முடிவு. அவர் பிற்காலத்தில், 1881-இல் செய்த சொற்பொழிவு ஒன்றில் இக்கருத்தை இன்னும் ஆழமாக்கினார்: தேகப்பயிற்சி என்பது தசைகளைப் பருக்கச்செய்வது மாத்திரமன்று, பல தசைகளை உரிய நேரத்தில் உரிய அளவில் இயக்கக் கற்கும் நரம்பு மண்டலத்தின் பயிற்சியே அதில் பெரும்பகுதி என்றார். இது இன்றும் நிலைத்து நிற்கும் உண்மை. கீழே விழப்போகிறவன் கால் மாற்றி ஊன்றித் தப்பித்துக்கொள்வது தசையின் பருமனால் அன்று.

முடிவில், அரசாங்கத்தின் வைத்திய ஆலோசனைச் சபை 1862-ஆம் ஆண்டின் இறுதியில் தன் அபிப்பிராயத்தைத் தெரிவித்தது: வைத்திய நோக்கில் பார்ப்பயிற்சியை விலக்குவதற்குக் காரணமில்லை. பார் திரும்பி வந்தது. ரோத்ஸ்டைன் 1863-இல் பதவியைவிட்டு விலகி, 1865-இல் காலமானார். ஜெர்மன் பள்ளிகளில் அதன் பிறகு பாருக்கு எதிராகப் பேசத் துணிந்தவர் அதிகமில்லை.

ரோத்ஸ்டைன் முழுமூடர் என்று சொல்லும் வழக்கம் ஜெர்மன் நூல்களில் உண்டு. அதனை நான் ஒப்புக்கொள்ளவில்லை. பார்மேல் ஊன்றி, மேற்கை தரைக்குச் சமமாகும் நிலையையும் கடந்து ஆழமாகத் தாழ்ந்தால், தோளின் முன்பக்கத்துக் கட்டுகள் மிகையாக இழுபடுகின்றன என்பது இன்றைய பயிற்சியாளர்களும் எச்சரிக்கும் விஷயமே. அவர் கண்ட அபாயம் மெய். ஆனால் அந்த அபாயத்தை மரத்தில் கண்டார். டு புவா-ரேமோனோ, அந்த அபாயம் மரத்தில் இல்லை என்று நிரூபித்தவுடன், அபாயமே இல்லை என்று தம் கட்சியார் எண்ணிக்கொள்வதற்கு இடங்கொடுத்துவிட்டார். எந்த வயதில், எவ்வளவு முறை, எவ்வளவு வேகத்தில், எத்தனை நாள் பழக்கத்துக்குப் பிறகு என்ற கேள்விகள் தீர்ப்பின் எல்லைக்கு வெளியே நின்றுபோயின. அட்டவணையைக் கூண்டில் ஏற்றியிருக்க வேண்டிய வழக்கில், சட்டத்தைக் கூண்டில் ஏற்றினார்கள்.

தோற்ற கட்சி அழிந்துவிடவில்லை. ஸ்டாக்ஹோமில் குஸ்டாவ் சாண்டர் என்ற வைத்தியர், லிங்கின் முறைப்படி ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் உதவியாளர் கையால் எதிர்ப்புக் கொடுத்துக்கொண்டிருப்பது கட்டுப்படியாகாது என்று கண்டு, அந்தக் கைக்குப் பதிலாக நெம்புகோலையும் எடைக்கட்டியையும் வைத்து இயந்திரங்கள் செய்தார். 1865-இல் அவருடைய கூடம் திறந்தது. 1876-இல் பிலடெல்பியா நகரத்துப் பொருட்காட்சியில் அவ்வியந்திரங்கள் வைக்கப்பட்டன. உட்கார்ந்தபடியே எடையை இழுத்தும் தள்ளியும் செய்யும் இன்றைய ஜிம் இயந்திரங்களுக்கு அவை பாட்டன் முறை. நியூயார்க்கில் 1926-இல் குடியேறிய ஜோஸப் பிலாட்டஸ் என்ற ஜெர்மானியரின் வில்சுருள் பொருத்திய சாதனங்களும் ஏறக்குறைய இந்தப் பரம்பரையில் சேர்பவையே. அடிபட்ட நடனக்காரர்கள் அவரைத் தேடிச் சென்றார்கள்.

ஒலிம்பிக் பந்தயங்களிலும் இரு கட்சிகளும் இடம் பெற்றன. 1896-இல் ஏதென்ஸில் பாரலல் பாரில் தனிப்பரிசையும் குழுப்பரிசையும் ஜெர்மானியர் கொண்டார்கள். தனிப்பரிசு பெற்ற ஆல்பிரெட் பிளாட்டோ பெர்லின்வாசி. யூதரான அவர் 1942-இல் நாஜிகளின் தெரேஸியன்ஷ்டாட் முகாமில் உயிர் நீத்தார். 1912-இல் ஸ்டாக்ஹோமில் ஸ்வீடிஷ் முறைக்கென்றே தனிக் குழுப்போட்டி வைத்து, ஸ்வீடன் தேசத்தாரே வென்றார்கள். லிங்கின் முறை ஆங்கிலப் பள்ளிக்கூடங்களுக்குள்ளும் புகுந்து, அவ்வழியே நம் பள்ளிகளின் டிரில் வகுப்புக்கும் வந்து சேர்ந்தது. 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கிய பிறகு விளையாட்டுகளும் அதனோடு கலந்தன. டிரில் மாஸ்டரின் விசிலுக்குக் கைகளைப் பக்கவாட்டில் நீட்டிய தமிழ்ச் சிறுவர்கள், தாங்கள் ஒரு ஸ்வீடிஷ் கவியின் சித்தாந்தத்தை அனுஷ்டிப்பதாக அறிந்திருக்க மாட்டார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டுவதில்லை. 1982-இல் ஜேன் ஃபோண்டாவின் வீடியோ வெளிவந்த பின்னர் அமெரிக்காவில் பாட்டுக்குத் தக்கபடி குதித்துச் செய்யும் ஏரோபிக்ஸ் பரவிற்று. கெட்டியான தரையில் குதித்துக் குதித்துக் கணைக்கால் வலி கண்டவர்கள் பெருகவே, சில ஆண்டுகளுக்குள் ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும் என்ற விதியோடு அதிர்ச்சி குறைந்த ஏரோபிக்ஸ் தோன்றிற்று. லிங் மறுபிறவி எடுத்தார் என்று வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு காற்று எதிர்த்திசையில் அடித்தது. 1996-இல் ஜப்பானிய விஞ்ஞானி இஸுமி தபாதா வெளியிட்ட ஆராய்ச்சியில், இருபது வினாடி உச்ச முயற்சி, பத்து வினாடி ஓய்வு என்று ஏழெட்டு முறை செய்யும் பயிற்சி, சில நிமிஷங்களிலேயே பெரும்பயன் தருவதாகக் காணப்பட்டது. அந்த ஆராய்ச்சியில் இளைஞர்கள் அதனைச் செய்தது நிலையான சைக்கிள் மேல் என்பதை, அவர் பெயரால் குதித்தெழும் பஸ்கியும் தாவித் தண்டாலும் செய்விக்கும் பயிற்சியாளர்களுள் எத்தனை பேர் அறிவார்களோ! தீவிரம் உச்சம், ஆனால் தரையில் மோதும் அதிர்ச்சி சிறிதும் இல்லை.

இதற்கு நேர் மாறான உதாரணமும் உண்டு. 2011 ஜனவரியில், அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்துக் கால்பந்து வீரர்கள், ஏறக்குறைய மூன்று வார விடுமுறைக்குப் பிறகு பயிற்சிக்குத் திரும்பியதும், தங்களால் ஒருமுறை தூக்கக்கூடிய உச்ச எடையில் பாதியைத் தோளில் சுமந்து, 100 முறை பஸ்கி போடும்படி பணிக்கப்பட்டார்கள், நேரமும் கணக்கெடுக்கப்பட்டது. குதிப்பு இல்லை, கால் தரையைவிட்டு எழும்பவில்லை, எடையும் பாதியே. ஆயினும் 13 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அளவுக்கு மிஞ்சி வேலை வாங்கப்பட்ட தசையின் நார்கள் உடைந்து, அவற்றினுள்ளிருக்கும் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும் ராப்டோமையாலிஸிஸ் என்ற நிலை அவர்களுக்கு உண்டாயிற்று. அனைவரும் பிழைத்துக்கொண்டனர், அந்தப் பயிற்சியை நிறுத்திவிட வேண்டுமென்று பல்கலைக்கழகம் நியமித்த குழு கூறிற்று. விடுமுறைக்குப் பின் களத்துக்கு வந்த வீரன், அட்டவணையை மாற்ற மனமில்லாத பயிற்சியாளர்: நாக்ராடிஸ் மல்லனின் கதை வேறு உடை தரித்து வந்தது, அவ்வளவே.

ஆகையால், தீவிரம் என்பது ஒன்று, அதிர்ச்சி என்பது மற்றொன்று. இரண்டும் சேர்ந்தும் வரும், தனித்தும் வரும். அதிர்ச்சி மிகுந்தால் மூட்டும் எலும்பும் முதலில் முறையிடுகின்றன; தீவிரம் மிகுந்தால் தசையும் இருதயமும் முறையிடுகின்றன; இரண்டையும் பழக்கமில்லாத உடலில் ஒரே நாளில் ஏற்றினால் எது முறியும் என்று சொல்லவியலாது. தசை சில வாரங்களில் வலுப்பெறுகிறது. எலும்போடு அதனைப் பிணைக்கும் தசைநாண், ரத்த ஓட்டம் குறைந்ததாதலால், பின்தங்கியே வருகிறது. வலு வந்துவிட்டது என்று மகிழ்ந்து எடையைக் கூட்டும் வாரத்தில்தான் பெரும்பாலும் தோளும் முழங்காலும் பிடித்துக்கொள்கின்றன.

நீண்ட நாள் இடைவெளிக்குப் பிறகு ஜிம்முக்குத் திரும்பும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள். முன்பு செய்ததில் பாதியையும் செய்யாதீர்கள். பயிற்சியாளர் எழுதி வைத்திருக்கும் அட்டவணையைக் காட்டிக் கட்டாயப்படுத்தினால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். பயிற்சி செய்த இரண்டொரு நாட்களுக்குள் தசை கடுமையாக வீங்கி, சிறுநீர் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் இறங்குமானால், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல், எந்தப் பயிற்சியை எவ்வளவு செய்தீர்கள் என்பதையும் சொல்லி, அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.